ஷிபுயாவில் விலை பேசியவர்கள் யார்?

டோக்கியோ மாநகரின் ஷிபுயா புகையிரத நிலையத்துக்கு வெளியே ஒரு நாயின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஹச்சிகோ என்பது அதன் பெயர். தன் எஜமானரான பேராசிரியர் 1925 இல் இறந்த பின்னரும், 1935 இல் தான் சாகும்வரை, அது நிலையத்துக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது. இன்று அச்சிலையடியில் காத்து நிற்பவர்களில் பலர் இளவயதினர். தோழியர் வந்து சேர்ந்ததும் எதிரேயுள்ள பெருஞ்சந்தியைக் கடப்பார்கள். எல்லாத் திசைகளிலும் வாகனங்கள் நிறுத்தப்பட, மக்கள் வெள்ளம் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும் சந்தி அது.

ஷிபுயாவின் இரவைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நள்ளிரவை ஒட்டிக் கடைசிப் புகையிரதம் போய்விடும். மீண்டும் ஓடத் தொடங்க அதிகாலை ஐந்து மணியளவாகும். தவறவிட்ட பிள்ளைகள் பாட்டுக் கூடங்களிலும் நடன விடுதிகளிலும் இரவைக் கழிப்பார்கள். 2018 இல் ஹலோவீன் கூட்டம் ஒரு சிறு லொறியைப் புரட்டிப் போட்டது. 2024 ஒக்டோபர் முதல், மாலை ஆறு தொடக்கம் காலை ஐந்து வரை அங்கு வீதியில் மது அருந்தத் தடை உண்டு. மீறினால் தண்டனை கிடையாது என்பது வேறு கதை! இதே ஷிபுயா நிர்வாகப் பிரிவில்தான் டோக்கியோவின் பெரிய பள்ளிவாசலும் இருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

ஆனால், சகோதரிகளே, நான் சொல்ல வந்தது 1990களைப் பற்றி.

சந்திக்கு அப்பால் "109" என்றொரு உருளை வடிவக் கடைத்தொகுதி, 1979 இல் திறக்கப்பட்டது. ஜப்பானிய மொழியில் பத்து "தோ", ஒன்பது "க்யூ". கட்டிய கம்பனியின் பெயர் டோக்யூ. அந்தக் கடைகளைச் சுற்றிப் பாடசாலை மாணவிகள் கூடினார்கள். சீருடைப் பாவாடையைக் குட்டையாக்கி, கணுக்காலில் மடிந்து தொங்கும் வெள்ளைக் காலுறை அணிந்து, தலைமயிரைச் செம்பட்டையாக்கிக் கொண்டார்கள். ஒக்கினாவாப் பாடகி நமியே அமுரோவைப் பார்த்துப் புருவத்தை மெல்லிதாக்கினார்கள். அடி தடித்த சப்பாத்துப் போட்டார்கள். வெண்ணிறமே அழகென்று போற்றிய நாட்டில், முகத்தைக் கருக்கி உதட்டுக்கு வெள்ளை பூசும் கோலமும் பின்னர் வந்தது. கடையில் விற்ற யுவதிகளுக்கும் வாங்கிய பிள்ளைகளுக்கும் வயது வித்தியாசம் சொற்பமே. விற்பவள் உடுத்தியதை வாங்குபவள் உடுத்தினாள்.

இந்த உடைகளை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆயினும் அக்காலத்தில் அங்கே இன்னொரு வியாபாரமும் நடந்தது. "என்ஜோ கோசாய்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். "உதவி செய்யும் சிநேகம்" என்று பொருள் கொள்ளலாம். எவ்வளவு கௌரவமான சொல்! மகளின் வயதுடைய மாணவிக்குப் பணமோ விலையுயர்ந்த கைப்பையோ கொடுத்து, ஆண்கள் அவளது நேரத்தை வாங்கினார்கள். பல சமயம் உடலையும் வாங்கினார்கள். யுவதிகளின் அழைப்புக்காக ஆண்கள் காசு கட்டிக் காத்திருக்கும் தொலைபேசி நிலையங்களும் இருந்தன.

பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் மாணவிகளைத் துரத்தின. ஏன் விற்கிறாய் என்று கேட்டன. காலுறையைப் படம் பிடித்தன. ஏன் வாங்குகிறாய் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை. வாங்கியவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு மனைவி மக்களிடம் போய்விட்டார். வாங்குவோர் இல்லாத சந்தையில் எந்தச் சரக்கு விலைபோகும்?

1999 இல்தான் ஜப்பானிய நாடாளுமன்றம் இதற்கென ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றியது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பணம் கொடுத்து உறவு கொள்பவர் நாடு முழுவதும் குற்றவாளியானார். ஆண் பிள்ளைகளுக்கும் அச்சட்டம் பொருந்தும். பாவாடையின் நீளத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சம்மதம் அளிக்கத்தக்க வயது என்று 1907 ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் வைத்திருந்த எல்லையோ பதின்மூன்று. அது பதினாறாக உயர்ந்தது 2023 இல். 1996 இல் பதினாறு வயதில் அந்தச் சந்தியைக் கடந்த மாணவிக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது.