கல்லில் போட்ட துளை

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் டிரில் பிட்டைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிப்காட் பட்டறைகளில் கார்பைடு முனை மழுங்குவதும், கூலன்ட் நின்றால் வேலை கெடுவதும் அன்றாடப் பேச்சு. பழங்காலக் கல்மணியின் அருமை அந்தப் பட்டறைக்காரர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். மணியில் கஷ்டமான வேலை பளபளப்பு அல்ல, துளை.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில், நொய்யல் கரையில், 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய மணித் தொழில் வெளிப்பட்டது. துளையிடாத மணி, பாதி துளைத்த மணி, உடைந்த மணி, செதுக்கித் தள்ளிய சில்லு எல்லாம் கிடைத்தன. முழு மணிகளைவிட இந்த அரைகுறைகள்தான் எனக்குப் பெரிது. வேலை இங்கேயே நடந்தது என்பதற்கு அவையே சாட்சி. பச்சைக்கல்லான பெரில் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. சிவப்புச் சூதுபவளமோ கொங்கு நாட்டில் கிடையாது, வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தச் சிவப்பும் பெரும்பாலும் அடுப்பில் வருவது. மங்கிய பழுப்புக் கல்லைப் பானையில் வைத்து மெல்லச் சுட்டால், உள்ளிருக்கும் இரும்புச் சேர்மம் நீரை இழந்து சிவக்கும். பிறகு சில்லெடுத்து, தேய்த்து, உருட்ட வேண்டும்.

அடுத்தது துளை. சூதுபவளம் குவார்ட்ஸ் வகை. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் ஏறக்குறைய 7. எகிப்தில், கி.மு. 15ஆம் நூற்றாண்டு அதிகாரி ரெக்மிரேயின் கல்லறைச் சுவரோவியத்தில், ஒரே வில்லால் பல துளைக்கம்பிகளைச் சேர்த்துச் சுழற்றும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அங்கே கல்லை அறுத்தது கம்பி இல்லை, அதனடியில் இட்ட மணல் குழம்பு. லேப்பிங் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தியாவில் கையாண்டது வேறு வழி. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் காணலாம்: மணியை மரக்கிட்டியில் இறுக்கி, நுனியில் இரண்டு வைரத்துணுக்குகள் பதித்த மெல்லிய இரும்புக் கம்பியை வில்லால் சுழற்றுகிறார்கள். மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுமுனை பெயர்ந்துவிடும் என்பதால், இரு பக்கமும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். இலங்கை மாந்தையில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மணிகளின் துளைகளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்தபோது, வைர முனையின் தடமே தெரிந்தது.

எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிக்கேயில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடும், ஏழரைக் கிலோ மிளகும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அங்கே இந்திய மணிகளும் கிடைத்திருக்கின்றன. பல ஆயிரம் ஆண்டுகளாகத் தானே மணி துளைத்துவந்த நாட்டுக்கே நம் பக்கத்து மணி கடலேறிப் போயிருக்கிறது.