தேக்கு வளர்த்த ஊர்

முதலாண்டு கார்பெண்டரி ஷாப்பில் 'ஹாஃப் லேப் ஜாயிண்ட்' போட்ட நாள் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். என் கட்டை உளி பட்டதும் இரண்டாகப் பிளந்தது. "சார், தேக்கு குடுத்தா நல்லா வரும் சார்" என்றேன். "தேக்கு குடுக்கிற அளவுக்கு நீ இன்னும் வளரலப்பா" என்றார் இன்ஸ்ட்ரக்டர். ஷாப்பே சிரித்தது. அந்தத் தேக்கு எங்கிருந்துதான் வருதுன்னு பார்த்துடணும்னு அன்றைக்கே முடிவு செய்தேன். மங்களூர் மெயிலில் ஷோரனூர், அங்கிருந்து பாசஞ்சரில் 66 கிலோமீட்டர். அதுதான் நிலம்பூர்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்க தாத்தா வடசென்னையில் ஒரு மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு அந்த வட்டாரமே எப்படி ஓய்ந்துபோனது என்பது கொடுங்கையூரில் எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சு. ஒரே தொழிலை நம்பிய ஊர், அந்தத் தொழில் தளர்ந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடுதான் ரயிலை விட்டு இறங்கினேன்.

நிலம்பூர் இன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு சிறு நகராட்சி. 1956 வரை நம் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் இந்தப் பக்கத்துக் காட்டை நாடியது கப்பலுக்காக. ஓக் மரத்தில் ஆணி அடித்தால் அதன் அமிலம் இரும்பை அரிக்கும்; தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பைக் காக்கும், கரையானையும் விரட்டும். மலபார் தேக்கால் பம்பாயில் 1817-ல் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்றும் மிதக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளைவு? காடு மொட்டை. 1806-ல் வாட்சன் என்ற கேப்டனைக் காட்டுக்கு அதிகாரியாகப் போட்டு, மரமெல்லாம் கம்பெனிக்கே என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே, 1823-ல் அந்தப் பதவியை ஒழித்தவர் மன்றோ. ஆமாம், தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

வெட்டத்தான் தெரிந்தது, வளர்க்கத் தெரியவில்லை. 1840-களில் மலபார் கலெக்டர் கோனோலி தேக்கு நட முயன்றபோது விதை முளைக்கவே இல்லை. தேக்கு விதையின் ஓடு கல் மாதிரி. இன்றும் நாற்றங்காலில் விதையை மாறி மாறி ஊறவைத்து, வெயிலில் காயவைத்துத்தான் விதைக்கிறார்கள். பல முயற்சிகள் தோற்ற பிறகு அதை முளைக்க வைத்தவர் கோனோலிக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனன். தோட்டத்துக்குப் பெயர் என்னவோ 'கோனோலி பிளாட்'! உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்கிறார்கள். 5.7 ஏக்கர்தான் மிச்சம். ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம், உச்சி தெரியவில்லை. கோனோலி 1855-ல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். அப்போது இந்த மரங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான்.

மரத்தை ஊர் சேர்த்ததுதான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் நிற்கும்போதே அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, ஓரிரு வருஷம் காயவிடுவது பழைய முறை. காய்ந்த மரம் மிதக்கும். யானைகள் இழுத்துவந்து சாலியாற்றில் தள்ள, வெள்ளமே அதை பேப்பூருக்கும் கல்லாயிக்கும் கொண்டுபோனது. டீசல் செலவு சைபர்! கல்லாயி மரவாடிகளும் பேப்பூரின் உரு என்ற மரக்கலங்களும் வளர்ந்தது இப்படித்தான்.

1927-ல் ரயில் வந்தது. 1941-ல் யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின்தான், 1954-ல், மறுபடி ரயில் ஓடியது. சிவில் நண்பர்கள் நெடுங்கயம் போனால், அங்கே இரும்புப் பாலம் கட்டிய டாசன் என்ற ஆங்கிலேய எஞ்சினியரின் கல்லறையைப் பார்க்கலாம். பாலம் கட்டியவர் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார்.

எல்லாம் பெருமை இல்லை. இயற்கைக் காட்டை அழித்துத் தேக்கு மட்டும் நட்டதில் சோழநாயக்கர் போன்ற பழங்குடியினருக்குத் தேன், கிழங்கு கிடைக்கும் காடு சுருங்கியது. இதைப் பற்றி எந்தப் பலகையிலும் இரண்டு வரி பார்க்கவில்லை நான். மாவூரில் 1963-ல் வந்த ரேயான் கூழ் ஆலை, காட்டு மூங்கிலைத் தின்று, கழிவை அதே சாலியாற்றில் விட்டது. மக்கள் போராடினார்கள். 2001-ல் ஆலை ஒரேயடியாக மூடியது. ஆறு பிழைத்தது, வேலை போனது. இந்தக் கணக்கு எங்க ஏரியாவுக்குப் புதுசில்லை.

சரி, ஊர் ஓய்ந்ததா? இல்லை. வளைகுடாப் பணம் வருகிறது, ரப்பர் இருக்கிறது. 1995 முதல் தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகம். நிலம்பூர் தேக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 2022-ல் யுனெஸ்கோவின் கற்கும் நகரங்கள் பட்டியலில் சேர்ந்தது. அரசு மர டிப்போவில் இன்றும் ஏலம் நடக்கிறது.

ஆனால் ஆறு பழைய ஆறு இல்லை. 2019 ஆகஸ்டில் கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில் செத்தவர்களில் பலரின் உடல்கள் சாலியாற்றில் மிதந்து இங்கே வந்து சேர்ந்தன. டீக்கடையில் ஒரு பெரியவரிடம், இந்த ஆற்றில் மரம் மிதந்து வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்று பாதித் தமிழ், பாதி மலையாளத்தில் கேட்டேன். "மரம் கண்டிட்டுண்டு மோனே" என்றார். மேற்கொண்டு பேசாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.