மலைமழையும் படக்கருவியும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அங்கிருந்து மேற்கே செல்லும் சாலை, கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து, போடிமெட்டு என்னும் எல்லையூரை அடைகின்றது. அதற்கு அப்பால் விரிந்து கிடப்பது ஏலமலை. ஆனி, ஆடித் திங்களில் போடியில் வெயில் காயும்போதே, மலைமேல் தென்மேற்குப் பருவமழை பொழிந்துகொண்டிருக்கும். மழையை மலை தடுத்து வாங்கிக்கொள்வதால், கீழேயுள்ள ஊருக்குக் காற்று மட்டுமே வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவமழை ஊரையும் மலையையும் ஒருங்கே நனைக்கும். ஏலக்காய் பறிக்கும் வேலை மும்முரமாக நடப்பதும் மழையும் மூடுபனியும் மிகுந்த அத்திங்களில்தான். ஆதலின், ஏலத்தோட்டத்தையும் அதில் உழைப்போரையும் படம் பிடிக்க விரும்புவோர் வெயிலுக்காகக் காத்திருத்தல் இயலாது.

கண்ணுக்குத் தெரியும் மழையைத் தடுப்பது எளிது. தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, லென்சு வெளியே தெரியுமளவு துளையிட்டு, அத்துளையின் ஓரத்தை லென்சின்மேல் ரப்பர் வளையத்தால் இறுக்கிவிடலாம். விலையுயர்ந்த மழையுறைகள் கடைகளில் கிடைக்கின்றன. எனினும், சிறு தூறலுக்கு இப்பையே போதும். உடன் வருபவர் குடை பிடித்தால் இன்னும் நன்று. லென்சை மாற்றும் வேலையை மழையில் செய்தலாகாது. கருவி முற்றும் நனைந்துவிட்டால், அது இயங்குகின்றதா என்று விசையை அழுத்திப் பார்ப்பதே பலர் செய்யும் பிழை. ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து நுண்ணிய உறுப்புக்களைக் கெடுத்துவிடும். முதலில் மின்கலத்தைக் கழற்றிவிடல் வேண்டும். பின்னரே துடைத்து உலர்த்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஈரமே பெரும் பகை. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி சென்டிகிரேடு குறையும். போடிமெட்டின் மூடுபனியில் குளிர்ந்த கருவியைப் போடிக்குக் கொண்டுவந்து உடனே வெளியில் எடுத்தால், குளிர்நீர் நிரம்பிய தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அதன்மேலும் நீர் படியும். சில வேளை உள்ளேயும் படியும். ஆகையால், மலையை விட்டு இறங்குமுன்பே கருவியைப் பையிலிட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, ஊரின் வெப்பத்துக்கு அது பழகியபின் திறத்தல் வேண்டும். அப்பொழுது வியர்வை பையின்மேல் படியுமேயன்றிக் கருவியின்மேல் படியாது.

ஈரம் உள்ளே தங்கினால் லென்சின்மேல் பூஞ்சணம் வேர்விடும். நூல் நூலாகப் படரும் அது, தான் கக்கும் அமிலத்தால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். பூஞ்சணத்தைத் துடைத்தாலும் அரித்த வடு போகாது. படங்களும் தெளிவிழந்து மங்கும். படச்சுருள் பெரிதும் வழங்கிய காலத்தில் தொல்லை இரட்டிப்பு. சுருளின்மேல் பூசிய ஜெலட்டினும் ஈரத்தை உறிஞ்சி ஊதும். தென்னாட்டுக் காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996) அச்சுருட்காலத்தவர்.

ஈரத்தின் கொடுமையை ஏலத்தோட்டக்காரர் நன்கு அறிவர். பறித்த காயில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர் இருக்கும். அதனை இளஞ்சூட்டில் உலர்த்திப் பத்துப் பன்னிரண்டு பங்காகக் குறைத்தாலன்றிக் காய் பூஞ்சணம் பிடிக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் போடி ஏலத்தில் நல்ல விலையும் பெறாது. உலர்த்திய காயையும் அவர்கள் காற்றுப் புகாத பைகளிலேயே கட்டி வைப்பர். கருவிக்கும் அதுவே வழி. தோலுறை ஈரத்தை உறிஞ்சித் தானே பூஞ்சணத்துக்கு உணவாவதால், கருவியை அதில் நெடுநாள் வைத்தலாகாது. இறுக மூடும் பெட்டியில், சிலிகா ஜெல் மணிகள் நிறைந்த சிறு பையோடு வைத்தல் வேண்டும். அம்மணிகள் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச நிறம் மாறும், நீலமணி இளஞ்சிவப்பாகும். அவ்வாறு மாறியவற்றைச் சமையலுக்கு வழங்காத பழைய தட்டில் பரப்பி, இளஞ்சூட்டில் வைத்தால் நீர் ஆவியாகி நீலம் மீளும்.