துளை சேர்ந்தால் போதுமா?

மேடு பள்ளத்தில் கார் போகிறது. உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் குறைவு. ஏன்? காரின் அடியில் ஸ்பிரிங் இருக்கிறது.

வில் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ளது போன்ற இரும்புப் பட்டைதான் அம்பாசடர் காரின் பின்பக்கம் இருக்கிறது. வேறு பல கார்களில் சுருள் ஸ்பிரிங் உண்டு. கூடவே ஷாக் அப்சார்பரும் இருக்கும். ஸ்பிரிங் துள்ளும். ஷாக் அப்சார்பர் அந்தத் துள்ளலை அடக்கும்.

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட பழைய கார் வைத்திருப்பவர், "வேறு காரின் ஸ்பிரிங்கை மாட்டினால் என்ன?" என்று கேட்கலாம்.

போல்ட் துளை சேர்ந்தால் மட்டும் போதாது. ஸ்பிரிங்கை அந்தந்தக் காரின் எடைக்கு ஏற்பச் செய்கிறார்கள். கனமான காரின் ஸ்பிரிங்கை இலேசான காரில் போட்டால் சரியாக அமுங்காது. பள்ளத்தில் சக்கரம் குதிக்கும். பிடிப்புக் குறையும். பிரேக் போட்டாலும் கார் தள்ளிப் போய்த்தான் நிற்கும். இலேசான ஸ்பிரிங்கைக் கனமான காரில் போட்டால் கார் தாழ்ந்துவிடும். டயர் உரசும். இரண்டிலும் உயிருக்கு ஆபத்து.

எந்தக் காருக்கும் மாற்றவே முடியாதா? சிலவற்றுக்கு முடியும். 2019-ல் வந்த டொயோட்டா கிளான்சா, மாருதி பலேனோ காரேதான். பெயர்தான் வேறு.

மாற்றும் முன் பாருங்கள்:

1. இரண்டின் பாக எண்ணும் ஒன்றா?
2. ஷாக் அப்சார்பரின் நீளம் சரியா?
3. இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றுகிறார்களா?

பாக எண் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் சொல்வதோடு விடாதீர்கள். நீங்களே படித்துப் பாருங்கள்.