முள் எங்கே ஏறுகிறது?

"எஞ்சின் ஹீட் ஆகுது" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எங்கே ஆகிறது என்பதைத்தான். கோவில்பதாகையிலிருந்து கிளம்பி ஆவடி சி.டி.எச். சாலை நெரிசலில் நிற்கும்போது டேஷ்போர்டின் வெப்பநிலை முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிட்டால் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மீது. ஓடும் வண்டியை எதிர்க்காற்றே குளிர்வித்துவிடும். நிற்கும்போது அது முழுக்க ஃபேனின் பொறுப்பு. ஏசியைப் போட்டும் ஃபேன் சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். முதல் இரண்டையும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

வெளிவட்டச் சாலையில் வேகம் பிடிக்கும்போது ஏறினால் வேறு கோளாறு. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம்.

பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். எஞ்சினின் சூட்டை அடக்குவது எளிதல்ல. இதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கியில் இருந்தது லேலண்ட் எல்60 எஞ்சின். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் அதே வகை எஞ்சின் கூலன்ட் கசிவுக்குப் பேர்போனது.

நம் கார்களில் அடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் நாமே. அவசரத்துக்கு ஊற்றும் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. அந்தப் படிவம் அலுமினியத்தைப் போலச் சூட்டைக் கடத்தாது. காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே சரி. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அந்தக் கலவை 120 டிகிரியிலும் கொதிக்காது. அதனாலேயே சூடான வண்டியில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். எஞ்சினை அணைத்து, கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை தீரும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி பெட்ரோலைக் குடிக்கும், தேயும். சந்தேகமிருந்தால் அதைக் கழற்றி, அடுப்பில் பாத்திரத் தண்ணீரில் கயிற்றில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன்பே வால்வு மெல்லத் திறக்கத் தொடங்க வேண்டும். கொதித்த பிறகும் அசையாவிட்டால் புதிது வாங்குங்கள்.

ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குமேல் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

பழைய கூலன்டைத் தெருக் கால்வாயில் விடாதீர்கள். கோவில்பதாகை ஏரி ஏற்கெனவே போதுமான கழிவுநீரைத் தாங்கிவிட்டது. கூலன்டில் உள்ள எத்திலின் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு, நாயும் குழந்தையும் நக்கிவிடக்கூடும். கேனில் பிடித்து இறுக மூடி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.