மூடி வைத்தால் அணைந்ததா?

ஐப்பசி மாதம். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிற்பகலில் வானம் கறுத்தது. இடி முழங்கியது.

ஒரு வீட்டில் அம்மா லேப்டாப்பில் அயல்கூட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இடிச் சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கினார். லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தார். லேப்டாப் விழிக்கவில்லை. சார்ஜ் ஏற்றினார். லேப்டாப் வந்தது. கணக்கு வரவில்லை.

“மக்களே, நான் எழுதின கணக்கைக் காணலியே! அணைச்சுத்தானே வச்சேன்?”

“இல்லம்மா. நீங்க மூடி மட்டும்தான் வச்சீங்க. அது தூங்கிட்டு இருந்துது” என்றாள் மகள்.

லேப்டாப் தூங்குமா? தூங்கும். எப்படி என்று பார்ப்போம்.

சிலேட்டும் நோட்டும்

லேப்டாப்புக்குள் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சிலேட்டு மாதிரி. நாம் எழுதுவது முதலில் அதில்தான் இருக்கும். மின்சாரம் நின்றால் அது அழிந்துவிடும். மற்றொன்று நோட்டுப் புத்தகம் மாதிரி. ‘சேவ்’ செய்தால் எழுத்து அதில் பதியும். மின்சாரம் போனாலும் அழியாது.

லேப்டாப்பை மூடினால் பெரும்பாலும் அது தூங்கப் போகும். இதை ‘ஸ்லீப்’ என்பார்கள். திரை அணையும். ஆனால் சிலேட்டு அழியாமல் இருக்கப் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். திறந்தால் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பேட்டரி தீர்ந்தால்? சிலேட்டு அழிந்துவிடும். சில லேப்டாப்புகள் பேட்டரி தீருமுன் சிலேட்டில் உள்ளதைத் தாமே நோட்டில் எழுதிவிடும். எல்லாம் அப்படிச் செய்யும் என்று நம்பக் கூடாது.

‘ஷட் டவுன்’ என்றால் முழுதாக அணைப்பது. மறுபடி தொடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். தினமும் அணைத்தால் லேப்டாப் கெட்டுவிடுமா? கெடாது.

கரண்ட் எவ்வளவு ஆகும்?

1000 வாட் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தூங்கும் லேப்டாப்புக்கு ஏறத்தாழ 2 வாட் போதும். ஓர் இரவு 10 மணி நேரம் என்றால் 20. அப்படி 50 இரவு ஆனால்தான் 1 யூனிட்.

திரை எரிய விட்டுப் படுத்தால்? 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். 5 இரவிலேயே 1 யூனிட் போய்விடும். தூங்க விடுவதில் பெரிய செலவு இல்லை. எரிய விடுவதில்தான் செலவு.

எப்போது எது செய்வது?

அடுப்பைப் பார்க்க எழுந்தால், பக்கத்துக் கடைக்குப் போனால், தூங்க விடலாம்.

இரவில் அணைப்பது நல்லது. பல நாள் தொடப் போவதில்லை என்றால் கட்டாயம் அணையுங்கள்.

பையில் வைத்து நெய்யாற்றின்கரைக்கோ களியக்காவிளைக்கோ பஸ்ஸில் போகிறீர்களா? அணைத்துவிட்டுப் போங்கள். தூங்கும் லேப்டாப் பைக்குள் விழித்துக்கொள்ளலாம். காற்று இல்லாமல் சூடாகும்.

லேப்டாப் மெதுவாகிவிட்டதா? ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள்.

இடி மின்னல் வந்தால்?

மின்னலுக்குத் தூக்கமும் ஒன்றுதான், அணைப்பதும் ஒன்றுதான். வயர் வழியாக மின்னல் வந்தால் இரண்டும் காப்பாற்றாது. பிளக்கைக் கழற்ற வேண்டும். இன்டர்நெட் வயரையும் கழற்ற வேண்டும். மேகம் கறுக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு பிளக்கைத் தொடாதீர்கள். லேப்டாப்பை விட உயிர் பெரிது.

லேப்டாப் சும்மா வந்த பொருள் அல்ல. 2021-இல் குடும்பஸ்ரீயும் கே.எஸ்.எஃப்.இ.யும் நடத்திய வித்யாஸ்ரீ திட்டத்தில் மாதத் தவணை 500 ரூபாய். 30 மாதம் கட்ட வேண்டியிருந்தது. மொத்தம் 15,000 ரூபாய். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தந்தது. அதுவும் மக்களின் வரிப்பணம்தான்.

அம்மாவிடம் ரசீதுகள் இருந்தன. அன்று இரவே உட்கார்ந்து கணக்கை மறுபடி எழுதினார்.

“முடிச்சாச்சா அம்மா?”

“முடிச்சாச்சு மக்களே. முதல்ல சேவ். பிறகு ஷட் டவுன். அதுக்குப் பிறகுதான் மூடுவேன்.”