காரிமங்கலத்திலிருந்து எவ்வளவு தூரம்?

மனநல ஆலோசனை, உளச்சிகிச்சை இரண்டுக்கும் பேச்சுதான் கருவி. ஆனால் அது திண்ணைப் பேச்சன்று. பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த நேரத்தில், ஒரு முறைக்கு உட்பட்டுக் கேட்டும் பேசியும் பழக்கியும் மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம், இழப்பின் துயரம் ஆகியவற்றின் பிடியைத் தளர்த்துகிறார். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிடும்" என்ற ஆறுதலும் நல்லதே. எப்படிச் சரியாகும் என்பதைத்தான் அது சொல்வதில்லை.

இவ்வகைச் சிகிச்சைகளில் அதிகம் ஆராயப்பட்டது, 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த முறை. நடந்த சம்பவத்தைவிட, அதைப் பற்றி மனம் சட்டென்று எடுக்கும் முடிவே ஆளை வதைக்கிறது என்பது அதன் அடிப்படை. தருமபுரி மாவட்டத்தின் காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அப்படிப் போன ஒருவர் இரண்டு மணி நேரம் போன் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'சாரத்திலிருந்து விழுந்துவிட்டாரோ' என்று ஊரிலிருக்கும் மனைவிக்கு நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை. நாள்தோறும் இப்படியே ஆனால் உடம்பு என்னாகும்? ஆலோசகர் ஒரு நோட்டில் நான்கு பத்தி போடச் சொல்வார்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, உடம்பு என்ன செய்தது, வேறு என்ன காரணம் இருக்கலாம். போனைப் பையில் வைத்துவிட்டு வேலைக்கு ஏறியிருப்பார் என்று நான்காவது பத்தியில் எழுதுபவர் அந்தப் பெண்ணேதான்; ஆலோசகர் எழுதித் தருவதில்லை. சில வாரப் பழக்கத்தில், பயம் தோன்றினாலும் அதை அப்படியே நம்பும் வேகம் குறைகிறது.

மனச்சோர்வுக்கு இன்னும் எளிய வழியும் உண்டு. சோர்ந்தவர் வேலைகளை ஒவ்வொன்றாக விடுகிறார். விட்டதால் சோர்வு கூடுகிறது. எனவே விட்டுப்போனவற்றைச் சிறிது சிறிதாக அட்டவணையில் சேர்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் இருந்து வருவதுகூட அதில் ஒரு வரிதான். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி தரப்பட்ட சாதாரண மக்கள். 6 முதல் 8 சந்திப்புகள். மூன்று மாதத்தில், இச்சந்திப்புகளைப் பெற்ற நோயாளிகளில் 64 விழுக்காட்டினர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரே. 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த முடிவு, மனநல மருத்துவர் அருகில் இல்லாத சிற்றூர்களுக்குப் பெரிய செய்தி.

எல்லாவற்றுக்கும் பேச்சே போதும் என்பதில்லை. மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்துதான் முதலில். அதைத் தொடர்ந்து எடுக்கவும் குடும்பம் நோயைப் புரிந்துகொள்ளவும் ஆலோசனை துணைபுரியும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் உறவினரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறைக்குப் பெயர்பெற்றது. கூட்டாக வாழும் நம் ஊருக்கு அது பொருத்தமான ஏற்பாடு.

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 100க்கு ஏறத்தாழ 11 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. தூரத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. காரிமங்கலத்துக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். கணக்கெடுப்பை நடத்திய நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. 'பைத்தியத்துக்குப் பார்க்கப் போறாங்க' என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே பலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஆலோசகரிடம் பேசியது வெளியே போகாது என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது.

மருத்துவமனைப் படியேறத் தயங்குபவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவசச் சேவையில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.